தண்ணி லாரியில் போன ரகசியம்

எந்த மாமியாராவது மருமகளோட உடம்பு ரகசியத்தைத் தண்ணி லாரி பக்கத்துல நின்னு ஏலம் போடுவாளா? நீங்களே சொல்லுங்க!

சொக்கம்மாள் போட்டாள். கொருக்குப்பேட்டையில் அந்தத் தெருவே குடத்தோடு நிற்கும்போது.

"என் மருமவளோட அம்மா மார்ல புத்து வந்து செத்தா. சித்தியும் அதே மாதிரிதான். இவளுக்கும் வரலாம்னு ரத்த டெஸ்ட்டுல தெரிஞ்சுபோச்சு. அதுக்கின்னா இப்போ? நாளைக்கு ஸ்கேனுக்குப் போறா!"

மருமகள் செங்கொடியின் கையிலிருந்த டியூப் நழுவி, தண்ணீர் தெருவில் ஓடியது.

"ஐயே! அந்த வூட்டுக் குடத்தைத் தள்ளி வைங்கடி, ஒட்டிக்கப்போவுது!" என்று கூவினாள் எதிர்வீட்டுப் பவுனம்மாள்.

"ஒட்டுறதுக்கு இது இன்னா 'மெட்ராஸ் ஐ' கண்ணுவலியா? தாய்வழி, தகப்பன்வழி ரத்தத்துல வர்றது. முன்னாடியே பாத்துட்டா பொழச்சுக்கலாம்" என்றாள் சொக்கம்மாள்.

நேற்று ராத்திரி செங்கொடி சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள்!

'உனக்குச் சின்ன வயசும்மா, போய்ட்டு வா' என்று டாக்டர் சொன்னபோதும், 'பாத்துச் சொல்லுங்க சார், அப்புறம் போறேன்' என்று நாற்காலியை விட்டு நகராமல் வாங்கிய டெஸ்ட் அது. புருஷனுக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் வெடித்தாள்.

"அத்தே, உங்கள நம்பித்தானே சொன்னேன்? நாளைக்கு மகிழினியைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

மூன்று வயது மகிழினி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"வராதவன் போறான்." சொக்கம்மாள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே சொன்னாள். "பேஜாரு பண்ணாத. சொன்னது சொன்னதுதான்."

"அப்போ நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்."

பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். பவுனம்மாள்!

"இன்னாக்கா, அதுக்குள்ள ஒட்டிக்கிச்சா?" என்றாள் செங்கொடி.

பவுனம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒட்டல. எனக்கு ஏற்கெனவே கீது."

செங்கொடியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஆறு மாசமா மார்ல கட்டி. நேத்து துணி மாத்துறச்சே உங்க மாமியா பாத்துட்டாங்க. 'வெளிய சொன்னா கடல்ல வுழுந்துடுவேன்'னு தலைமேல கை வெச்சு சத்தியம் வாங்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டதுக்கும் வரமாட்டேன்னுட்டேன். எங்க அக்காவும் இதுலதான் போச்சு. ஊருக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னோம்."

"அப்போ லாரிகிட்ட..."

"எம் பேரைச் சொல்லக்கூடாதுல்ல? அதான் உம் பேரைச் சொல்லிச்சு. ஊருக்கு சொல்லல, எனக்குச் சொல்லிச்சு. புரிஞ்சதும் பயத்துல நான்தான் மொதல்ல கத்துனேன்."

செங்கொடி திரும்பிப் பார்த்தாள். சொக்கம்மாள் நிமிரவே இல்லை. நெத்திலி மேல் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பவுனம்மாள் செங்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ போறச்சே என்னையும் இட்டுகினு போ, கண்ணு. எம் பொண்ணையும்."