தெய்வானை பெயரில்

காப்பீட்டு மேசைக்காரர் மூன்றாவது தடவையாகக் கணினியைப் பார்த்தார்.

"தெய்வானைதான உங்கம்மா? கார்டு கவர்மெண்டு குடுத்தது, சரிம்மா. ஓகே சொல்றது இன்சூரன்ஸ் கம்பெனி. அவன் முடியாதுன்னுட்டான். உங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்து ரெண்டு வருசமாச்சாம். இல்லாததை இன்னொருவாட்டி எப்படி எடுக்கறது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பன்னிரண்டாவது படிக்கிற மகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

அம்மா மாடியில் படுத்திருக்கிறாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியும் உதடு வெளுத்தே கிடக்கிறது. மூன்று மணிக்கு ஆபரேஷன். அட்டை செல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தது சித்தி அஞ்சலைக்கு.

புருஷன் விட்டுப்போன சித்திக்கு எந்த ரேஷன் கார்டிலும் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர்களுக்குக் காப்பீடும் இல்லை. அம்மாதான் தன் அட்டையைக் கொடுத்தாள். அக்கா தங்கைக்கு ஒரே அச்சில் வார்த்த முகம்.

வேறு ஆஸ்பத்திரி. இதே மாதிரி மேசை. சித்தியைக் காட்டி, "இவங்கதான் எங்கம்மா" என்று சொன்னது அவள்.

அன்றைக்கு வாய் கூசவில்லை.

இன்றைக்கு உண்மையைச் சொல்லக் கூசியது.

சொன்னால் சித்தியைப் போலீஸ் பிடிக்குமோ. தன்னையும் பிடிக்குமோ. அட்டையையே முடக்கிவிட்டால்?

சொல்லாவிட்டால் அம்மா?

துப்பட்டா முனையைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"அப்ப மாடியில படுத்திருக்கறது யாரும்மா?"

திரும்பினாள்.

சுவரோர நாற்காலி காலி. இவ்வளவு நேரம் சித்தி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

வாசலுக்கு ஓடினாள். ஆட்டோ ஸ்டாண்டில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் இல்லை. இளநீர் வண்டிக்காரரிடம் கேட்டாள். அவர் கையை விரித்தார்.

போய்விட்டாள். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

திரும்பி உள்ளே வந்தபோதுதான் பார்த்தாள்.

ஸ்கேன் அறை ஜன்னலில் சித்தி. முந்திரிக் கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன.

"யாருக்கு ஸ்கேன்?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்குத்தாங்க. உள்ள கர்ப்பப்பை இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க."

உள்ளே இருந்த பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சீட்டை எடுத்தாள்.

"பேரு?"

சித்தி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"அஞ்சலை."