கவிழ்த்து வைத்த சீட்டு

டெய்லர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் போக்கரில் பந்தயம் சட்டைப் பொத்தான்கள். மேஸ்திரி தன்னிடம் மிச்சமிருப்பதையெல்லாம் மேசை நடுவில் தள்ளிவிட்டு மீசையைத் தடவுகிறார். கையில் ஒன்றும் தேறாதபோதுதான் அவர் மீசையைத் தடவுவார். டெய்லரிடம் மூன்று ராஜா இருக்கிறது. காட்டினால் மேஸ்திரி காலி, எழுந்துவிடுவார். அவர் ஸ்கூட்டரில் வந்த கம்பவுண்டரும் கூடவே கிளம்புவார். மனைவி தவறிய பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பது இந்த ஒரு சாயங்காலம்தான். "என்ன டெய்லரே, சீட்டுக்கு அளவு எடுக்கறீங்களா?" என்கிறார் கம்பவுண்டர். டெய்லர் சிரித்தபடி சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறார். "நமக்கு ஒண்ணும் வரல. எடுத்துக்குங்க மேஸ்திரி." மஞ்சள் விளக்கின் கீழ் பொத்தான்கள் சலசலக்கின்றன. இரண்டு கையாலும் அள்ளும் மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். "ஜெயிச்ச கையோட கிளம்பிடணும். வாய்யா, போலாம்." "இப்பதானே விளக்கே போட்டோம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்," என்கிறார் டெய்லர். "நல்லாருக்கே. மறுபடி தோத்துட்டுப் போகவா?" சிரிப்பும் செருப்புச் சத்தமும் படியிறங்குகின்றன. டெய்லர் வாசலில் நின்று அவர்களுக்காகப் படிக்கட்டு விளக்கின் சுவிட்சை அழுத்துகிறார். ஒரு நிமிடம் எரிந்துவிட்டு அது தானாக அணைகிறது. கீழே ஸ்கூட்டர் புறப்பட்டுப் போன சத்தமும் ஓய்ந்த பிறகு, அவர் இன்னொரு தடவை அந்த சுவிட்சை அழுத்துகிறார்.