அலசிய ஒரே தட்டு

ராயபுரத்து வீட்டின் பின்கட்டில் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. சிலுவையம்மாளின் முன்னால் ஆறு பீங்கான் தட்டுகள். நுரையில் சாயங்கால வெயில் நிறம் நிறமாக மினுங்குகிறது. மகள் ஹில்டாவைப் பெண் பார்க்க, சொன்ன நேரத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பானையில் மிச்சம் ஒரு சொம்புத் தண்ணீர். கப்பல் சமையல்கட்டில் வேலை பார்க்கும் புருஷன் வால்டர் குனிந்து சொல்கிறான்: “அலசாத, துணியால தொடச்சி வெய்யி. வெள்ளக்காரன் அப்டித்தான் துன்றான்.” “வெள்ளக்காரனா பொண்ணு கேட்டு வந்துகீறான்? மாப்ளயோட அம்மா வாயில சோப்பு பட்டா சம்பந்தமே பூடும்.” சிலுவையம்மாள் சொம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி ஒரு தட்டை மட்டும் அலசுகிறாள். மற்ற ஐந்தையும் துடைக்கிறாள். அலசிய தட்டில் கேசரி வைத்து மாப்பிள்ளையின் தாயிடம் அவளே நீட்டுகிறாள். அந்த அம்மாள் அதை வாங்கி அப்படியே ஹில்டாவின் கையில் கொடுக்கிறாள். “நீ துன்னு கண்ணு. காலீலேர்ந்து பட்டினியாத்தான் கெடந்திருப்பே.” பிறகு பக்கத்திலிருக்கும் மகனின் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். சிலுவையம்மாள் கதவைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த அம்மாள் மெல்லுகிறாள், நிறுத்துகிறாள், விழுங்குகிறாள். “இன்னா சோப்பு வாங்கற சம்பந்தி?” என்கிறாள். “வாசனையாத்தான் கீது.”