இருமும் மாம்பழச்சிட்டு

குடியிருப்பின் பதினான்கு வேப்பமரங்களிலும் காலை ஏழு மணிக்கு மாம்பழச்சிட்டு பாடும். மரத்துக்கு ஒரு ஒலிபெருக்கி. ஏணி வைத்து ஏறி அவற்றைத் துடைப்பது சௌந்தரவல்லியின் வேலை. அந்த மஞ்சள் குருவியை அங்கே வளரும் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை.

பாட்டைக் கருவேலங்காட்டில் பதிவு செய்தது அவள் கணவன் ஞானமுத்து. நீண்ட சீழ்க்கை முடிகிற இடத்தில், அடக்க முடியாமல் ஒருமுறை இருமிவிட்டான். மறுபடி எடுக்கலாமென்று ஒரு வாரம் புதருக்குள் காத்துக் கிடந்தான். குருவி வரவில்லை. அதன் பிறகு எங்குமே வரவில்லை. பாட்டு இருமலோடுதான் மரமேறியது.

அவன் இறந்து மூன்று வருடமாகிறது. தினமும் ஏழு மணிக்குப் பதினான்கு மரங்களிலிருந்தும் இருமுவான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் ஏணியைத் தூக்குவாள்.

போன வாரம் மேனேஜர் வந்தார். "புதுசா குடிவந்தவங்க கம்ப்ளெயிண்ட் பண்றாங்கம்மா. இருமலை மட்டும் எடுக்கச் சொல்லிட்டேன்."

"சரிங்க சார்" என்றாள்.

இன்று பாட்டு சுத்தமாக ஒலித்தது. சீழ்க்கை முடிந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை.

பள்ளி வேனுக்காகக் காத்திருந்த நான்காம் மாடிச் சிறுமி மிதுனா மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது வேற குருவி."

"ஏன் கண்ணு?"

"நம்ம குருவி பாடி முடிச்சதும் இருமும்ல. அது செத்துப்போச்சா?"

மூன்று வருடமாக அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லாதவள் ஏணியைச் சுவரில் சாய்த்தாள்.

"ஆமா கண்ணு," என்றாள். "இன்னிக்குக் காலையிலதான்."