எல்லாம் அந்தப் புண்ணியவான்

இதயம் மாற்றிக்கொண்ட பிறகுதான் தலைமை ஆசிரியருக்கு இதயம் வந்தது என்று பள்ளிக்கூடமே பேசிக்கொண்டது.

பிரம்பைத் தூக்கி எறிந்தார். வீட்டில் மனைவியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். "நீ சாப்பிட்டியா?" என்று அவர் முதன்முதலாகக் கேட்ட அன்று, அந்த அம்மாள் பயந்தே போனாள்.

"நான் எங்கே செய்யறேன்? இதயம் கொடுத்த புண்ணியவான் செய்யறார்" என்று அவர் மேலே பார்த்துக் கும்பிடுவார். மனைவியும் கண் கலங்கிக் கும்பிடுவாள்.

ஒருநாள் அந்தப் புண்ணியவானின் மனைவியே வீடு தேடி வந்தாள். தலைமை ஆசிரியரின் மனைவி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் சொக்கத் தங்கம்! அவரோட இரக்க குணம்தான் இந்த மனுஷனைத் திருத்திச்சு."

வந்தவள் திருதிருவென விழித்தாள்.

"இரக்கமா? அவருக்கா? ஆயுசு முழுக்க என்கிட்ட அன்பா ஒரு வார்த்தை பேசினதில்லைங்க. அந்தக் குணம் இவருக்கும் ஒட்டிக்கிச்சோ, நீங்க என்ன பாடுபடறீங்களோன்னு பார்க்கத்தான் வந்தேன்."

தலைமை ஆசிரியரின் மனைவி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ இதெல்லாம் உங்களோடதுதானா? இத்தனை வருஷமா எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

தலைமை ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடுங்க. அது நல்லாத்தான் இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."