பக்கத்து வீட்டுச் சண்டை

பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு, துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த மாசிலாமணி, மிச்ச காலத்தை எழும்பூர் முதியோர் அடுக்குமாடியில் தள்ளலாமா என்று ஒரு வாரம் தங்கிப் பார்க்க வந்திருந்தார். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடிக்கும் சத்தம் கேட்டது. அவர் வளர்ந்த குடிசைப் பகுதியில் இதைக் கேட்டுக்கொண்டு யாரும் சும்மா படுத்திருக்க மாட்டார்கள்.

"ஆம்பளையா இருந்தா வெளிய வாடா!" என்று தோளால் இடித்துக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஆளே இல்லை. சுவரில் ஒரு ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஜெசிந்தா ஓடிவந்தாள். "தனியா இருக்கறவங்களுக்குத் துணையா நாங்க வைக்கிற சத்தம் சார். இந்த மாடியில நீங்க மட்டுந்தான். வேணாம்னா நிறுத்திடறேன். தங்குறீங்களா, கிளம்புறீங்களா?"

மாசிலாமணி அந்த வெறும் அறையின் கதவை மெல்ல இழுத்துச் சாத்தினார்.

"தங்குறேம்மா. நிறுத்தாத. அந்தப் பொண்ண அடிக்க வாணாம்னு மட்டும் அவங்கிட்ட சொல்லு."