இரவல் நெஞ்சு

அன்று செவ்வாயா புதனா, சரியாக நினைவில்லை. எக்ஸ்ரே அறையிலிருந்து தன் பெயரைக் கூப்பிட்டபோது அவன் பெஞ்சை விட்டு அசையவில்லை, மச்சான்தான் எழுந்து போனான். அது மட்டும் நிச்சயம்.

முகப்பவுடருக்கு மாக்கல் அரைக்கும் மில்லில் அவனுக்குப் பதினெட்டு வருட வேலை. இரண்டு மாதமாக இருமல் விடவில்லை. மில்லில் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயில் நெஞ்சில் புள்ளி தெரிந்தால் மில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

மச்சான் அவன் மனைவியின் அண்ணன், சலவைக்கடைக்காரன். மில்லாட்களின் உடுப்பெல்லாம் அவனிடம்தான் வரும். பீடி கிடையாது, குடி கிடையாது. யோசனையும் அவனுடையதுதான்.

"மாப்பிள்ளை, என் நெஞ்சு இரும்புப் பெட்டி. ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கங்க."

"மாட்டிக்கிட்டா?"

"டாக்டர் படத்தைத்தான் பாப்பாரு. உங்க மூஞ்சியை யாரு பாக்கறா? தூசிக்கு முகமூடி போட்டுப் போட்டு மூக்கு மேல தழும்பு வேற. மூக்கணாங்கயிறு கட்டின மாடு கெட்டுது போங்க!"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மாலையில் இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மில்லுல எத்தனை வருஷம்?"

"பதினெட்டு," என்றான் மச்சான், சொல்லிக்கொடுத்தபடி.

"ரெண்டு பக்கமும் கல்தூசி படிஞ்சிருக்கு. இனிமே அந்தத் தூசிப் பக்கமே போகாதீங்க. உடனே வைத்தியம் பாக்கணும்."

மச்சானின் முகம் வெளிறியது. ஆனாலும் மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் இவனால் தாங்க முடியவில்லை.

"படம் மாறிப்போச்சு டாக்டர்! இவரு மில்லுக்குள்ள கால் வச்சதே இல்லை. மில்லுல இருக்கிறது நான்."

டாக்டர் கோபப்படவில்லை. மச்சானைப் பார்த்து அலுப்போடு கேட்டார். "அப்போ உங்களுக்கு என்ன வேலை?"

"மில்லாளுங்க துணியை உதறித் துவைக்கறேங்க."

ஆள்மாறாட்டம் செய்ததற்காக அவனுக்கு வேலை போயிற்று. மச்சான் கடையை மூடிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிறான், தங்கைதான் துணைக்குப் போகிறாள்.

உண்மையைச் சொன்ன அன்று மாலையே டாக்டர் அவனையும் மெஷின் முன்னால் நிறுத்தினார். ஈரம் காயாத படத்தைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்:

"உங்களுக்கு ஒண்ணுமில்லை. வெறும் சளி."